பிடிச்சாச்சு

எழுத்தாளரின் ஏழாவது நாவலில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்த கிணறு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்கு, இஸ்திரி போடும் பெண்ணின் வீட்டுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. எட்டடி அகலம், முப்பத்திரண்டு அடி ஆழம், கருங்கல் சுற்றுச்சுவர், இரும்பு உருளை, விளிம்பு நசுங்கிய தகர வாளி ஒன்று. எழுதியிருந்தது எழுதியிருந்தபடியே. அதே நேரத்தில் அந்த நாவலின் எல்லாப் பிரதிகளிலும், வீட்டு அலமாரிகளில் இருந்தவை, நூலகத்தில் இருந்தவை, பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்தவை உட்பட, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கமும் அடுத்த பக்கத்தில் பாதியும் வெள்ளையாகிவிட்டன. மை இருந்த தடம்கூட இல்லை. வார்டு இன்ஜினியர் டேப்பைப் பிடித்துக் கிணற்றை அளந்தார், சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு நம்பர் எழுதினார், போய்விட்டார்.

நடந்த விதம் சாதாரணமானதுதான். முந்தின நாள் மாலை தேய்த்த சட்டைகளைக் கொண்டுவந்த அந்தப் பெண், அவற்றை நாற்காலி முதுகில் அடுக்கிக்கொண்டே தன் தெருவைப் பற்றிப் புலம்பினாள். குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, அதுவும் இருமிக்கொண்டு வருகிறது. "அய்யா, உங்க கதையில ஒரு கிணறு வருதே, அது சும்மாதானே கிடக்கு? எங்க தெருவுக்குக் குடுத்துடுங்களேன்" என்றாள். எழுத்தாளருக்கு அப்போது எழுபத்தொரு வயது. இருபத்தொரு புத்தகம் எழுதியவர். அவருடைய முதல் நாவலில் இருந்து மூன்று பக்கம் பள்ளிக்கூடப் பாடத்தில் இருந்தது. வாங்கிய கேடயங்களை மகள் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டிருந்தாள். ஆறு வருஷமாக அவர் ஒரு வரி எழுதவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாயிற்று என்று பேட்டிகளில் சொல்வார். அது பொய் என்பது அவருக்கு மட்டும் தெரியும். அன்றைக்கு அவர் சிரித்துக்கொண்டே, "எடுத்துக்கம்மா, யாரு வேண்டாம்னா?" என்று இரண்டு கைகளையும் மல்லாத்தி நீட்டினார், கல்லைக் கொடுப்பதுபோல. அந்தப் பெண்ணின் அப்பாவும் கல் சுமந்தவர். அதனால் அவளும் யோசிக்காமல் தன் கைகளை அவர் கைகளுக்கு அடியில் கொண்டுபோய், "பிடிச்சாச்சு" என்றாள்.

எழுத்தாளர் ஒன்பது வயதிலிருந்து பத்தொன்பது வயதுவரை வேலை பார்த்த கல்குவாரியில் அந்த ஒரு வார்த்தைதான் சட்டம். கல்லைக் கொடுப்பவன், வாங்குபவன் அதைச் சொல்லும்வரை கையை எடுக்கக்கூடாது. தலையாட்டினால் போதாது, கண்ணைக் காட்டினால் போதாது. குவாரி முழுக்கக் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தொண்டை கட்டியவனை அன்றைக்குக் கல் வாங்க விடமாட்டார்கள், சல்லி அள்ளப் போடுவார்கள். விரல் போனவர்கள், கால் போனவர்கள் எல்லாரும் சேர்ந்து உண்டாக்கிய வழக்கம் அது. யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறவும் மாட்டார்கள்.

கிணறு வந்த பத்தாம் நாள் இஸ்திரிக்காரி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். "குடிச்சுப் பாருங்கய்யா." உப்பாக இருந்தது. எழுத்தாளர் தன் கைப்பிரதியைத் தேடினார். அதுவும் வெளுத்துப் போயிருந்தது. ஆனால் எழுதியது நினைவு வந்தது. 'கண்ணீர் போன்ற தண்ணீர்' என்று எழுதியிருந்தார். எழுதிய காலத்தில் அந்த வரிக்காக நாலு பேர் கடிதம் போட்டார்கள். "துணி துவைக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம். வாயில வைக்க முடியல. அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டிருக்கலாம்ல?" என்றாள் அவள். விட்டிருக்கலாம் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

செய்தி பரவியது. அடுத்த மூன்று வருஷத்தில் எழுத்தாளர் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். நாலாவது நாவலில் இருந்த பாலம் மில் வேலைக்குப் போகும் பெண்களுக்காகச் சாக்கடைக் கால்வாயின் மேல் போய் நின்றது. கதையில் அந்தப் பாலத்தின் நடுவில் இரண்டு பேர் பிரிந்திருந்தார்கள், அதனால் கடந்து போகிறவர்கள் எல்லாரும் நடுவில் வந்ததும் காரணமில்லாமல் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் போனார்கள். மில் மேஸ்திரி அதற்காக அரை நிமிஷத் தாமதத்தை அனுமதித்தார். மூன்றாவது நாவலில் ஒரு மலை இருந்தது. நடைபாதைக் கடைக்காரர்கள் வந்து, மலையை வைக்க இடமில்லை, நிழல் மட்டும் போதும் என்று வாங்கிக்கொண்டார்கள். கால் ஊனமான வாட்ச் ரிப்பேர்க்காரருக்குப் போன மாடிப்படி மூன்றாம் அத்தியாயத்தில் பதினேழு படியாகவும் ஒன்பதாம் அத்தியாயத்தில் பத்தொன்பது படியாகவும் எழுதப்பட்டிருந்தது, ஆகவே ஏறும்போது ஒரு கணக்கும் இறங்கும்போது ஒரு கணக்குமாக இருந்தது. அவர் அதற்குப் பழகிக்கொண்டார், விருந்தாளிகள்தான் விழுந்தார்கள். ஒரு சிறுகதையில் பெய்த மழையைச் செங்கல் சூளைக்காரர் கேட்டார், பக்கத்துச் சூளைக்காரன் தலையில் பெய்ய வேண்டும் என்று. எழுத்தாளர் தரவில்லை. அந்த மழையைக் கத்தரித் தோட்டம் கருகிக் கிடந்த ஒருவர் வாங்கிப் போனார், அது அவருடைய வேலிக்கு வெளியே ஒரு சொட்டும் விழாமல் ஐந்து நாள் பெய்தது. வீடிழந்த பஸ் கண்டக்டருக்கு ஒரு நாவலில் இருந்து நீலக் கதவு வைத்த வீடு கிடைத்தது. மூன்று அறை, இரண்டு ஜன்னல், தெற்கே ஒரு வேப்பமரம். அடுப்படி இல்லை.

"நாப்பது வருஷமா எழுதறீங்க. ஒரு வீட்லயாவது அடுப்படி இருக்காப்பா?" என்று மகள் கேட்டாள். அவள் மின்கம்பத்தில் ஏறி லைன் பார்க்கும் வேலையில் இருந்தாள், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். "உங்க ஆளுங்க எல்லாம் காத்தைக் குடிச்சா உசுரு வாழ்ந்தாங்க?"

"எல்லாரும் கவலையில இருந்தாங்கம்மா. சாப்பிட நேரமில்ல" என்றார் எழுத்தாளர்.

கண்டக்டர் வராந்தாவில் ஸ்டவ் வைத்துச் சமைத்தார். பதிப்பாளர்தான் படியேறி வந்து சத்தம் போட்டார். "அய்யா, குடுக்கறது நல்ல குணம்தான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா என் கிடங்குல எண்ணாயிரம் வெள்ளைப் புஸ்தகம் கிடக்கு. அட்டையில உங்க போட்டோ சிரிக்குது, உள்ளே ஒரு எழுத்து இல்ல. நான் என்ன செய்ய?" கடைசியில் அவர் அவற்றை நோட்டுப் புத்தகமாக விற்றார், தாள் நல்ல தாள், நன்றாகவே போயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ளே வாய்பாடு எழுதினார்கள், அட்டையில் எழுத்தாளருக்கு மீசை வரைந்தார்கள்.

மனைவியையும் இப்படி வரவழைத்திருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. அவள் இறந்து பன்னிரண்டு வருஷம். ஆனால் கல்யாணமான முதல் வாரமே, "என்னைப் பத்தி ஒரு வரி எழுதினீங்க, அன்னையிலிருந்து சோறு கிடையாது" என்று அவள் சொல்லியிருந்தாள். எழுத்தாளர் இருபத்தொரு புத்தகத்திலும் அந்த வாக்கைக் காப்பாற்றியிருந்தார். காப்பாற்றியதற்காக இப்போதுதான் முதல்முறையாக வருத்தப்பட்டார்.

எழுபத்து நாலு வயதில் அவரிடம் ஒரே ஒரு புத்தகம் எழுத்தோடு மிஞ்சியிருந்தது. முதல் நாவல், குவாரியைப் பற்றியது. அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அதுதான். அதைப் படித்துவிட்டு ஊரெல்லாம் குவாரி முதலாளியைத் திட்டியது, மேலிடத்தில் இருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள், பள்ளத்தின் மேல் ஆட்கள் நிற்கும் பலகைகளுக்குப் பதிலாக இரும்புச் சாரம் வந்தது. அதில் எழுத்தாளரின் அண்ணன் இருந்தார், இருபத்தைந்து வயதில், பலகை முறிந்து பள்ளத்தில் விழுந்து இறக்கும் கடைசி அத்தியாயம்வரை. அதிலிருந்து எதையாவது கேட்டவர்களிடம் எழுத்தாளர், "அதுல கல்லைத் தவிர ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டுப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அப்போதுதான் அண்ணி வந்தாள். எழுபத்தெட்டு வயது. அண்ணன் இறந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு. அறுபது வயதுவரை சல்லி உடைத்தாள், அதன்பிறகு பஸ் நிலையத்துக்கு வெளியே குடை ரிப்பேர் செய்துகொண்டு, டயர் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தாள். ஐம்பத்தாறு வருஷத்தில் எழுத்தாளர் அவளைப் பதினொரு முறை பார்த்திருந்தார், எல்லாமே கும்பல் நடுவில். கையில் ஒரு கட்டுக் குடைக்கம்பியோடு உள்ளே வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தாள்.

"என்ன தம்பி, ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுக்கறியாமே."

"ஏதோ, இருக்கறதை..."

"கிணறு குடுத்திருக்க. பாலம் குடுத்திருக்க. நான் உன்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல, இல்லையா?"

"இல்லண்ணி."

"உங்கண்ணனைக் குடு."

"ஆளை எப்படி அண்ணி..." என்றார்.

"கிணறு வந்துச்சுல்ல? கிணத்தை விட அவரு எடை கம்மிதான்."

மறுக்க ஒரு காரணமும் இல்லை. காரணம் ஒன்று இருந்தது, அதைச் சொல்ல முடியாது. நாவலின் கடைசி அத்தியாயத்தில் அண்ணன் 'பிடிச்சாச்சு' என்று சொல்கிறார், அதன்பிறகு பலகை முறிகிறது. உண்மையில் அண்ணன் சொல்லவில்லை. சொல்லும் முன்பே, பதினெட்டு வயதுத் தம்பி கல்லை விட்டுவிட்டான். கல் அண்ணனின் மார்பில் விழுந்தது, அந்தப் பாரத்தில்தான் பலகை முறிந்தது. பழி பலகை மேல் போயிற்று, பலகைக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. எழுதியதைக் கொடுத்தால் எழுதியது எழுதியபடியே வரும் என்பது இந்த மூன்று வருஷத்தில் ஊருக்கே தெரிந்திருந்தது. வருகிற அண்ணன் தன் வாயாலேயே, 'நான் சொன்னேன், தம்பி மேல் தப்பில்லை' என்பார். அதற்கப்புறம் அந்தப் பொய்யை யாராலும் அசைக்க முடியாது. எழுத்தாளர் இதை யோசித்து முடிப்பதற்குள் அவருடைய கைகள் தாமாகவே மல்லாந்து நீண்டுவிட்டன.

அண்ணி தன் கையை நீட்டவில்லை. "இரு, இரு. வாங்கறதுக்கு முன்னாடி என்ன வாங்கறேன்னு பாக்க வேண்டாமா? அந்தக் கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியலங்கறாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. நீயே படிச்சுக் காட்டு."

அப்படியாக ஒன்பது நாள், மதியம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை, எழுத்தாளர் தன் முதல் நாவலை அண்ணிக்குப் படித்தார். அவள் குடைகளுக்குத் துணி தைத்துக்கொண்டே கேட்டாள். பெரிய சபைகளில் படித்துக் கைதட்டு வாங்கிய பக்கங்கள் அவை. இங்கே ஊசி துணியில் ஏறி இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. முதல் நாள் முடிவில் அவள், "இவரு யாரு?" என்று கேட்டாள்.

"அண்ணன்தான்."

"இவ்ளோ பேசறாரே! அவரு பல்லு வலின்னாக்கூட கன்னத்தைத் தொட்டுத்தான் காட்டுவாரு." மறுநாள், அண்ணன் பாறை உச்சியில் நின்று உதிக்கிற சூரியனைப் பார்க்கிற இடம் வந்தது. "சூரியனைப் பாத்தா அவருக்குத் தும்மல் வரும்டா, மறந்துட்டியா? ஏழு தும்மல். எட்டாவது வராது." இடது காது மடல் பாதி இல்லாததை எழுதவில்லை என்றாள். நாலாம் நாள் நூலை அறுத்துக்கொண்டே, "சீட்டாட்டத்துல என் கம்மலைத் தோத்துட்டு வந்தாரே, அது எங்க?" என்றாள்.

"அதை எழுதலண்ணி."

"ஏன்?"

"படிக்கறவங்களுக்கு வருத்தமா இருக்கும்னு..."

"கம்மல் என்னோடது. வருத்தம் அவங்களுக்கா?"

ஒன்பதாம் நாள் கடைசி அத்தியாயம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற பக்கம். 'பிடிச்சாச்சு என்ற அண்ணனின் குரல் குவாரியின் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பியது. மறுகணம் பலகை முறிந்தது' என்று படித்தார். ஊசி நின்றது.

"இன்னொரு தடவை படி."

படித்தார். இரண்டாவது தடவை அவருடைய குரலே அவருக்குக் கேட்கவில்லை.

"அன்னைக்கு நான் எங்க இருந்தேன் தெரியுமா?"

"சல்லிக் குவியல்கிட்ட."

"நாப்பது அடி. சுத்தியலால சல்லியைத் தட்டிக்கிட்டே தினமும் அவரு சொல்றதை எண்ணுவேன். சொல்லச் சொல்ல ஆளு உசுரோட இருக்காருன்னு அர்த்தம். வேற எனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு நூத்திப் பதினாலு தடவை கேட்டேன். நூத்திப் பதினஞ்சு கேக்கல."

எழுத்தாளர் புத்தகத்தை மூடினார். "ஏண்ணி இத்தனை வருஷமா ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயா சொல்றியான்னு பாத்தேன். நீ புஸ்தகமா எழுதிட்ட."

அவர் சொன்னார். கல் கையில் இருந்தது, அண்ணன் குனிந்தார், விரல் கல்லைத் தொட்டது. அந்த நேரம் பார்த்து மேலே புதிதாக ஒரு லாரி வந்து நின்றது, பின்பக்கம் பெரிய எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. அவர் அப்போதுதான் மளிகை சுற்றிவந்த தாள்களை வைத்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டிருந்தார். தன் வாழ்நாளில் தானாக முழுசாகப் படித்த முதல் வரி அது. படித்து முடித்துத் திரும்பியபோது கை காலியாக இருந்தது.

"என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டாள் அண்ணி. கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஒலி எழுப்பவும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அண்ணி, "இன்னும் நல்லதா எதாவது எழுதியிருக்கக் கூடாதா அந்த லாரிக்காரன்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்து மடக்கினாள். "தம்பி, இந்த ஆளு எனக்கு வேண்டாம். பாக்க நல்லவராத்தான் தெரியறாரு, ஆனா எனக்குப் பழக்கமில்லாத ஆளு. இருந்தவரை எழுதிக் குடு. லாரியையும் சேத்து எழுது. அப்பறம் நான் சொல்றேன், பிடிச்சாச்சா இல்லையான்னு."

"எனக்கு எழுபத்து நாலு வயசாச்சுண்ணி. பேனா பிடிச்சா கை ஆடுது."

"எனக்கு எழுபத்தெட்டு. குடைக்கம்பி நிக்குது" என்றாள்.

மகளிடம் சொல்ல அவருக்கு மூன்று நாள் ஆயிற்று. அவள் கம்பத்தில் இருக்கும்போது கீழே இருப்பவன், மேலிருந்து குரல் வராமல் லைனைப் போடக்கூடாது. அவளுக்கு விளக்கிச் சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை. பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "நாளைக்கு ஒருத்தன் எனக்கு இப்படிப் பண்ணா அவனை என்ன சொல்வீங்கப்பா?" ஒரு நாள் முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. அதற்கு அடுத்த நாள் வேலை முடிந்து வரும்போது ஒரு கட்டுத் தாளும் ஒரு டஜன் பென்சிலும் வாங்கிவந்து மேஜைமேல் வைத்தாள். "கையை விட்டதையும் சேத்தே எழுதுங்க" என்றாள்.

எழுத்தாளர் எழுத உட்கார்ந்தார். கல் உடைக்கிற வேலை அதைவிட லேசு என்று அவருக்குத் தோன்றியது, அங்கே அடிக்கிற இடமாவது தெரியும். காலையில் மூன்று வரி எழுதுவார், மதியம் அண்ணியிடம் படித்துக் காட்டுவார், மாலையில் இரண்டு வரியை அடிப்பார். 'போல' என்று கை எழுதியவுடன் வாயில் உப்புக் கரித்தது, உடனே நிறுத்தினார். மூக்கு இன்னும் கொஞ்சம் பெரிசு என்பாள் அண்ணி. அண்ணனுக்குக் கோபம் வந்தால் சட்டையை மடித்து வைப்பார் என்பாள். குடியிருந்த குடிசையில் அடுப்பு எந்த மூலை, புகை எந்தப் பக்கம் போகும் என்பதெல்லாம் அவள் சொல்லச் சொல்ல எழுதினார். இப்படியாக எழுத்தாளரின் எழுத்தில் முதன்முறையாக ஓர் அடுப்படி வந்தது. நாலு மாசம் கழித்து, சோதித்துப் பார்க்கலாம் என்று, சீட்டாட்டத்தில் போன கம்மலை மட்டும் எழுதிக் கொடுத்தார். அண்ணி "பிடிச்சாச்சு" என்றாள். மறுநாள் காலை கம்மல் ஊசிப் பெட்டியில் இருந்தது. ஒன்றின் திருகில் மரை தேய்ந்திருந்தது. அவள் அதைத் திருகிப் பார்த்து, சுற்றிக்கொண்டே போகிறதைப் பார்த்து, "இது அதுதான்" என்றாள். பஞ்சு வைத்து மாட்டிக்கொண்டாள்.

புத்தகம் முடிய இரண்டு வருஷம் ஆயிற்று. எண்பத்தெட்டுப் பக்கம். பதிப்பாளர் அதை நின்றபடியே படித்துவிட்டு, "என்னய்யா, ஒரு அழகான வரி கூட இல்லையே" என்றார். "இல்ல" என்றார் எழுத்தாளர் சந்தோஷமாக. பழைய பழக்கத்துக்காக முன்னூறு பிரதி அச்சடித்தார்கள். அதற்குள் எழுத்தாளரின் பெயர் வாய்பாடு நோட்டு அட்டையில் இருக்கிற ஒரு மீசைக்காரரின் பெயராகத்தான் ஊருக்கு நினைவிருந்தது. ஒரு பத்திரிகையின் மதிப்புரை, அறிமுக எழுத்தாளர் என்றும், நேர்மை தெரிகிறது என்றும், கைக்கு இன்னும் பக்குவம் வர வேண்டும், எதிர்காலம் இருக்கிறது என்றும் எழுதியது. எழுபத்தாறு வயதில் எழுத்தாளர் அதைக் கத்தரித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டார். லாரியைப் பற்றிப் படித்த சிலர் தெருவில் அவரைக் கண்டு முகத்தைத் திருப்பினார்கள். குவாரியில் கால் போன ஒருவர் கட்டையை ஊன்றிக்கொண்டு வீடுவரை வந்து, உட்காராமல் அவரையே பார்த்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடப் பாடத்தில் இருந்து அந்த மூன்று பக்கத்தை எடுத்துவிட்டு மழைநீர் சேகரிப்பு பற்றிய பாடத்தை வைத்தார்கள்.

மூன்று மாசம் அந்தப் புத்தகம் ஊரில் கிடந்து எல்லாரும் படிக்கட்டும் என்று அண்ணி காத்திருந்தாள். பிறகு ஒரு வியாழக்கிழமை மதியம் வந்து, மின்விசிறிக்குக் கீழே நின்று, இரண்டு கைகளையும் நீட்டி, கம்மல் ஆட, "பிடிச்சாச்சு" என்றாள். முன்னூறு பிரதியும் வெளுத்தன. ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பதால் பழைய முதல் நாவலும் அதே நேரத்தில் வெளுத்தது. எழுத்தாளரிடம் எழுத்தோடு ஒரு புத்தகமும் மிஞ்சவில்லை. படித்தவர்கள் யாரும் படித்ததை மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, டயர் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையின் வாசலில் யாரோ தும்மினார்கள். அண்ணி உள்ளே உட்கார்ந்து எண்ணினாள். ஏழாவது தும்மலுக்கு அப்புறம் எட்டாவது வரவில்லை. எழுந்து வந்தாள். கண் இமையெல்லாம் கல்தூசியோடு, பாதிக் காதோடு, இருபத்தைந்து வயதில் அவர் நின்றிருந்தார். அவளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். காதில் பார்வை நின்றது. "மீட்டுட்டியா?" என்றார்.

"மீட்கல. உங்க தம்பி எழுதிக் குடுத்தான்."

அவர் தலையை ஆட்டிவிட்டு வயிற்றைத் தொட்டுக் காட்டினார். அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். எண்பது வயதுக்காரி இருபத்தைந்து வயதுக்காரனை நீங்க என்பதும் அவன் அவளை வா போ என்பதும் தெருவுக்குக் கொஞ்ச நாள் வேடிக்கையாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. குடும்ப அட்டையில் பெயர் சேர்க்கப் போனபோது குமாஸ்தா இரண்டு வயதையும் பார்த்துவிட்டு, "மாத்தி எழுதிட்டீங்களா? பேரனா?" என்று கேட்டார். "வீட்டுக்காரர்" என்றாள் அண்ணி. குமாஸ்தா அப்படியே எழுதி முத்திரை குத்தினார், பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

எழுத்தாளர் ஞாயிற்றுக்கிழமைதான் போனார். தைரியம் வர இரண்டு நாள் ஆயிற்று. அண்ணன் வாசலில் குந்தியிருந்தார். தலை நரைத்த தம்பியை நிமிர்ந்து பார்த்து, அடையாளம் கண்டுபிடித்து, தன் சட்டையைக் கழற்றி நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்தார். எழுத்தாளருக்கு அது என்னவென்று தெரியும், அவரே எழுதியதுதான்.

"விட்டுட்டியேடா."

"ஆமாண்ணே."

"அப்படி என்னடா பாத்த?"

"லாரியில எழுதியிருந்ததை. படிச்சுக்கிட்டு இருந்தேன்."

அண்ணன் வாயிலிருந்து சேர்ந்தாற்போல் மூன்று வார்த்தை வருவதே அபூர்வம். "படிச்சு முடிச்சியா, இல்லையா?" என்று கேட்டார்.

"முடிச்சேன்."

"ம்" என்றார் அண்ணன். சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

அந்த வாரத்திலிருந்து எழுத்தாளர் மறுபடியும் காலையில் மேஜையில் உட்கார ஆரம்பித்தார். முதலில் கிணற்றைத் திருப்பி எழுதினார், ஒரே ஒரு வார்த்தையை விட்டுவிட்டு. இஸ்திரிக்காரி குடித்துப் பார்த்து, "இப்பப் பரவாயில்ல" என்றாள். அடுத்து கண்டக்டர் வீட்டுக்கு அடுப்படி, அதில் எத்தனை அலமாரி வேண்டும் என்று கண்டக்டரின் சம்சாரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

அண்ணியின் அறை வாசல் உயரம், அவளுடைய முழங்காலுக்கு ஒரு படி தேவைப்பட்டது. இடித்த சுவர் ஒன்றிலிருந்து அண்ணன் ஒரு கருங்கல்லைப் பேசி முடித்தார், அரிசி மூட்டை அளவு இருக்கும். எழுதித் தருகிறேன் என்றார் எழுத்தாளர். வேண்டாம், தூக்கலாம் என்று அண்ணன் கையால் காட்டினார். கை வண்டியில் கொண்டுவந்தார்கள். அண்ணன் வாசலில் குனிந்து நின்றார், எழுபத்தாறு வயதுத் தம்பி வண்டிப் பக்கம் நின்று கல்லை நெம்பி, தொடையில் சாய்த்து, நீட்டினார். அண்ணனின் விரல்கள் கல்லைத் தொட்டன. அந்த நேரத்தில் தெருவில் ஒரு லாரி போயிற்று. அதன் பின்னால் என்ன எழுதியிருந்தது என்று எழுத்தாளருக்கு இன்றுவரை தெரியாது. அவருடைய தோள் இறங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. அண்ணன் பிடியைச் சரிசெய்ய எப்போதும்போல நேரம் எடுத்துக்கொண்டார். எழுத்தாளர் விடவில்லை.

"பிடிச்சாச்சு" என்றார் அண்ணன், தெரு முழுக்கக் கேட்கும்படி.

"நூத்திப் பதினஞ்சு" என்றாள் அண்ணி உள்ளேயிருந்து.

எழுத்தாளர் கையை எடுத்தார். அந்தக் கல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. மழை நாளில் கொஞ்சம் வழுக்கும்.